உள்ளே விட்ட துணி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். என் விரல் நுனிகள் மட்டும் சிமெண்டில் வெடித்திருக்கின்றன. நீ அனுப்பிய களிம்பைத் தடவிக்கொண்டு எழுதுவதால் தாளில் அங்கங்கே எண்ணெய்ப் பொட்டு இருக்கும். மெஷின் மிதித்து மிதித்து வந்த உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தாளில் அவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியாது.

என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். காலையில் மேஸ்திரியும் நானும் வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறோம். (இவரை வீட்டிலும் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் மட்டும் 'என்னங்க'.) ஆட்களும் சாமான்களும் அவர் பொறுப்பு, வரைபடமும் அளவும் என் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி மூன்று மாலையும் டவுனில் தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். பஸ்ஸில் நாற்பது நிமிடம். புத்தகம் என்று ஒன்றை நான் திறப்பது அந்த நாற்பது நிமிடத்தில்தான். அந்த நாட்களில் குருவி அவள் அப்பாவோடு மணல் குவியலில் விளையாடிவிட்டு, மணலோடு சாப்பிட்டு, மணலோடு தூங்குகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில் விசில் அடிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற எங்கள் வீட்டில் இடமில்லை. சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டம் குளியல் துண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. வரைபடச் சுருள்கள் கட்டிலுக்கு அடியில். அதனால் பக்கத்துக் காலியிடத்தில் ஓர் அறை போடுகிறோம். ஒரு சுவர் எனக்கு, மீதி உனக்கு. நீ கடைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில் இருந்து பழகியவள், எங்கள் ஹாலில் படுத்தால் உனக்குத் தூக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். நீளம், அகலம், ஜன்னல் எல்லாம் எழுது. இத்தனை வருஷம் நான் அளவு கொடுத்து நீ தைத்தாய். ஒரு தடவை நீ அளவு கொடு, நான் கட்டுகிறேன்.

உன்,
தங்கை


ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீ கையுறை போட்டுக்கொள். களிம்பு அனுப்புவது நானாக இருந்தாலும் விரல் உன்னுடையது.

வருஷத்துக்கு நாலு நாள் வருகிறவளுக்குத் தனி அறையா? ஊரார் சிரிப்பார்கள். ஆனாலும் கேட்டுவிட்டாய், எழுதிக்கொள். பன்னிரண்டுக்குப் பதினான்கு. வடக்குப் பார்த்துப் பெரிய ஜன்னல், வடக்கு வெளிச்சத்தில்தான் துணியின் நிறம் ஏமாற்றாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இரண்டு பிளக் வேண்டும். வரும்போது கையோடு கரண்ட் மெஷினைக் கொண்டுவந்தால் குருவிக்கு ஒரு கவுன் தைக்கலாமே என்று ஒன்று. இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று.

கடை நன்றாகப் போகிறது. ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பதினோரு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாவது வேண்டாமாம், ராசியில்லையாம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

குருவிக்கு இரண்டு நாள் சளி, இப்போது சரியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று உன் அறைக்கு முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டோம். நூலின் ஒரு நுனி மேஸ்திரி கையில். அவர் அப்போது பேசியதை அப்படியே எழுதுகிறேன், என் கருத்து எதுவும் அதில் இல்லை.

"ஏம்மா, நாலு நாள் விருந்தாளிக்கு ஹாலைவிடப் பெரிய ரூமா?"

"அக்கா கொடுத்த அளவு."

"ரெண்டு பிளக்கு வேற. உங்க அக்கா தங்க வரல, குடி வராங்க."

"நூலை இழுத்துப் பிடிங்க முதல்ல."

இழுத்துப் பிடித்தார்.

பள்ளியில் ஒரு செய்தி. பகுதி நேர வேலை எல்லாவற்றையும் நிறுத்துகிறார்களாம். முதல்வர் நல்ல மனிதர், எதிரே உட்காரவைத்துத்தான் சொன்னார். "முழு நேரமா வாங்கம்மா. இல்லன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள சொல்லிடுங்க." முழு நேரம் என்றால் வாரம் முழுக்கக் காலையிலிருந்து இருட்டும்வரை டவுன். கட்டட வேலையை விட வேண்டும். மேஸ்திரி அளவையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிறவர், அவர் மனசுக்கு டேப் கிடையாது. குருவி ஸ்கூல் விட்டு வந்தால் பூட்டின வீடு.

வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் வேலையில் இருக்கும் கொத்தனார் ஒருவர் என் வகுப்பிலும் படிக்கிறார். இருபது வருஷமாகக் கட்டுகிறவர், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. போன புதன்கிழமை ஒரு தாளில் விரலை வைத்து ஊர்ந்து போய்ச் சட்டென்று நிமிர்ந்தார். "டீச்சர், இது படிக்கட்டு! நான் கட்டின மாதிரியே இருக்கு. தாள்ல இப்படியா இருந்துச்சு இத்தனை நாளும்?" அந்த முகத்துக்காக நாற்பது நிமிடம் நின்றுகொண்டேகூட பஸ்ஸில் போகலாம். கரும்பலகையில் மேலே நிரந்தரமாக ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: 'எழுதாத அளவை யூகிக்காதே, கேள்.' அழித்தால் சண்டைக்கு வருகிறார்கள்.

என்ன செய்வது என்று உன்னைக் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாம் சுகம். சளிக்குப் பிறகு குருவி சரியாகச் சாப்பிடுகிறாளா?

வேலை விஷயம் நீ முடிவு செய்ய வேண்டியது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எது சொன்னாலும் எனக்காகச் சொன்னது போல ஆகிவிடும்.

உங்கள் பக்கத்தில் துணி தைக்க யாரிடம் கொடுக்கிறார்கள்? சும்மா கேட்டேன். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன வாரம் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் டேப்பை வைத்து முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் அளந்துவிட்டுப் போனார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இன்னும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறதா, எங்காவது போய்விட்டதா?

இங்கே தைக்கக் கொடுக்க ஆளே இல்லை. ரவிக்கைக்கு டவுனுக்குப் போக வேண்டும், வாங்கி வர இன்னொரு தடவை போக வேண்டும், கை பிடிக்கிறது என்று மூன்றாம் தடவை போக வேண்டும். சும்மா கேட்டாய், சும்மா சொல்கிறேன்.

உன் அறையின் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. வடக்கு வெளிச்சம் இப்போதே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. குருவி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடி, "பெரியம்மா ரூம்ல ஓட்டப்பந்தயமே வைக்கலாம்மா" என்றாள். உள்ளே சரியாகப் பன்னிரண்டுக்குப் பதினான்கு. பூச்சில் ஓர் அங்குலம் போகும், அவ்வளவுதான். அறை பெரிதாகிவிட்டதால் எங்கள் தள்ளுவண்டி போகிற பாதை குறுகிவிட்டது. வண்டியை ஒருக்களித்து, இடுப்பை வளைத்து, நடனம் மாதிரி கொண்டுபோகிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை. பெரிய அறை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஏன் என்று இப்போது எழுதமாட்டேன்.

டேப்போடு வந்தவரைப் பற்றி நீ 'பிறகு' எழுதுவதற்காகக் காத்திருக்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. வேலையை உடனே நிறுத்து!

உள்ளே பன்னிரண்டுக்குப் பதினான்கா? அடிப் பாவி! எனக்கு வேண்டியது பத்துக்குப் பன்னிரண்டு. நான் யாருக்கு வெட்டினாலும் உள்ளே துணி விட்டுத்தானே வெட்டுவேன்? மடித்துத் தைத்தால் சரியான அளவுக்கு வரும், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். சுவரும் அப்படித்தான் உள்பக்கமாக மடிந்து இடத்தைத் தின்னும் என்று நினைத்து, பக்கத்துக்கு ஓரடி விட்டு எழுதினேன். நீ படித்தவள், இது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சுவரை வெளியே தள்ளிக் கட்டுவாய் என்று நான் கனவா கண்டேன்?

நாலு நாள் வந்து போகிறவளால் உங்கள் தள்ளுவண்டி போக வழியில்லை. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. இடித்துக் கட்ட முடியுமானால் இடித்துவிடு. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா மட்டும் வலிக்கிறது.

உன் கடிதத்தைச் சுவர் மேல் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'அடிப் பாவி' வந்தவுடன் மேஸ்திரி சிமெண்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார், "டீச்சர், தெரியாமத்தான் கேக்கிறேன். யூகிக்காதே, கேள்னு போர்டுல எழுதினது யாரு?"

"நான்தான்."

"அது எங்களுக்கு மட்டுமா, உங்களுக்கும் சேர்த்தா?"

மேஸ்திரி விடுவாரா? "அவங்களுக்கு அவங்களே பரீட்சை வச்சு அவங்களே பெயிலாயிட்டாங்க" என்றார். உள்ளளவா, சுவரோடு சேர்த்தா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். வகுப்பில் இதே தவறுக்கு ஒருவரை எழுந்து நிற்கவைத்திருக்கிறேன்.

சுவரை இடிக்கப்போவதில்லை. மேஸ்திரி உனக்குச் சொல்லச் சொன்னது: "கட்டினது கட்டினதுதான். அக்கா வந்து நல்லா காலை நீட்டிப் படுக்கட்டும்." பாதைக்காகப் பின்பக்க வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு உன் அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். சிரிப்பு போய்விட்டது. அவ்வளவு பெரிய அளவை நீ கேட்டதற்கு நான் ஒரு காரணம் யூகித்து வைத்திருந்தேன். ஜூலையிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு செங்கல் வரிசையையும் பார்த்தேன். இப்போது பார்த்தால் அது மடிப்புக்கு விட்ட துணி. அந்தக் காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி முதல்வருக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உனக்கு எழுதுவேன். அந்தப் பதிலுக்கும் இந்தக் காரணத்துக்கும் சம்பந்தம் உண்டு.

தங்கை


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று முதல்வரிடம் முழு நேர வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரும்பலகை வரியை நானே அழித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் புத்தகம் திறக்கவில்லை.

இனி உன்னைக் கேட்கலாம்.

இதை ஜூலையிலேயே கேட்டிருப்பேன். அப்போது கேட்டால், குருவியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் இருந்தால் நான் டவுனுக்கு முழு நேரம் போகலாம் என்பதற்காகக் கூப்பிடுகிறேன் என்று ஆகிவிடும். நீ அப்படி நினைக்காவிட்டாலும் நான் நினைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த வேலை இல்லை. உன்னை வைத்து எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

எங்களோடு வந்து இருக்கிறாயா, அக்கா? நாலு நாளைக்கு இல்லை. இருக்க.

பெரிய அறை கேட்டதால் நீ இருக்கவே வருகிறாய் என்று யூகித்துவிட்டேன். இனிமேல் யூகிக்கமாட்டேன். நீ எழுதுவதுதான் அளவு.

தங்கை


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனில் பேசும்போது மழையைப் பற்றியும் குருவியின் புதுப் பல்லைப் பற்றியும் பேசினாய். நானும் மழையைப் பற்றியே பேசினேன். அவசரப்படுத்தவில்லை. இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உன் அறைக்குக் கூரை போட்டாயிற்று. கான்கிரீட்டின் மேல் சின்னச் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். குருவி ஏணியடியில் நின்று காகிதக் கப்பலைக் கொடுக்கிறாள், மேஸ்திரி மேலே கொண்டுபோய் விடுகிறார். அவருக்கு முப்பத்தெட்டு வயது என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

போன வாரம் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். கொத்தனாரும் இன்னும் எட்டுப் பேரும் அவர் அறைக்குப் போய் நின்றிருக்கிறார்கள். "பாடத்தை வேற யாரும் எடுக்கட்டும் சார், அளவெடுக்கிறதை மட்டும் அந்த டீச்சர் கத்துக்கொடுக்கட்டும்." அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை மட்டும் செய்முறை வகுப்பு, வேலை நடக்கும் இடத்திலேயே. மூன்று மாலை போய் ஒரு காலை. குறைந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கரும்பலகையும் அந்த நாற்பது நிமிடமும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் கையில் இருக்கும் சனிக்கிழமையும் பிடித்திருக்கிறது.

முதல் சனிக்கிழமை உன் அறையில்தான் வகுப்பு. ஒன்பது பேரும் ஆளுக்கொரு டேப்போடு அளந்தார்கள். "இந்த ரூமில் என்ன தப்பு?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கொத்தனார் மட்டும், "தப்பு ரூமில இல்ல, லெட்டர்ல" என்றார்.

உன் முழங்காலுக்காக வாசலில் படி வைக்கவில்லை. சரிவாகப் போட்டிருக்கிறேன். நீ நாலு நாள் வந்தாலும் அது சரிவாகத்தான் இருக்கும்.

தங்கை


செப்டம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் வெட்டு மேஜையில் கத்தரிக்கோலுக்கு அடியில் இருக்கின்றன. முழங்கால் வலிக்கிறது. ஆறு மாதமாக வலிக்கிறது. கேட்டாயே, இதுதான் உண்மை.

மீதி உண்மையும் எழுதுகிறேன். கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். டேப்போடு வந்தவர் அதற்காக வந்தவர். எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும். சொன்னால் நீ அந்த நிமிஷமே 'வா' என்பாய். தங்கை கூப்பிட்டு வந்தவள் வேறு, போக இடமில்லாமல் வந்தவள் வேறு. நீ எதற்காகக் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. நீ ஒரு காரணத்துக்காகக் கேட்காமல் இருந்தாய், நான் ஒரு காரணத்துக்காகச் சொல்லாமல் இருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

இங்கேயே வேறு கடை பார்த்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். உன் கேள்வி வந்த அன்று காலையில்தான் அதற்குச் சாவி வாங்கியிருந்தேன். மூன்று வாரம் ஒரு கையில் சாவி, ஒரு கையில் உன் கடிதம். நேற்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குருவிக்கு ஆயா வந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. நான் தைக்க வருகிறேன். ரவிக்கைக்கு மூன்று தடவை டவுனுக்குப் போகிற அந்தப் பெண்களிடம் சொல்லிவை. குருவி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசில் அடிப்பதானால் அடிக்கட்டும், அது வேறு விஷயம். சனிக்கிழமை காலையில் உன் ஒன்பது பேரும் அறைக்குள் வரலாம், செருப்பை வெளியே விட்டுவிட்டு. துணியில் சிமெண்ட் பட்டால் டீச்சர் என்றும் பார்க்கமாட்டேன்.

கொண்டுவருவதை எழுதுகிறேன். வெட்டு மேஜை, ஆறடிக்கு மூன்றடி. கரண்ட் மெஷின் ஒன்று. மிதி மெஷின் ஒன்று, அதை யாருக்காவது கற்றுக்கொடுக்கலாம். துணி அலமாரி, நாலடி அகலம். கட்டில் ஒன்று. எல்லாம் சரியான அளவு, உள்ளே துணி விடவில்லை.

இன்னொன்று. பன்னிரண்டுக்குப் பதினான்கு என்று எழுதியது தையல்காரியின் பழக்கம். இரண்டு பிளக் கேட்டது பழக்கம் இல்லை. மாப்பிள்ளையிடம், அவர் 'குடி வராங்க' என்று சொன்னது சரி என்று சொல். உடனே சொல்லாதே, தலைகால் தெரியாமல் ஆடுவார்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி சாமான் வண்டியோடு புறப்படுகிறேன். திரும்பும் தேதி இதில் எழுதவில்லை. விட்டுப்போனது என்று யூகிக்காதே. வேண்டுமானால் கேள்.

அக்கா